பாடுகிறதா, பேசுகிறதா? நாடக வரிகளுக்கு மெட்டுப் போடுவது பற்றி

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகக் குழு, ஷேக்ஸ்பியர் நாடகங்களிலிருந்து ஐந்தாறு பகுதிகளைத் தமிழில் பெயர்த்து இசையோடு மேடையேற்றப் போகிறது. அதில் வரும் பாட்டுகளுக்கு மட்டும் மெட்டுப் போடுவதா, வசனத்துக்கும் போடலாமா? பெரிய இசையமைப்பாளர்கள் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள்? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

வசனத்துக்கும் மெட்டுப் போடலாம். ஆனால் ஹார்மோனியத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு பகுதியின் ஓரத்திலும் பென்சிலால் எழுதி வையுங்கள்: இந்த இடத்தில் பாத்திரம் பாடுகிறதா, பேசுகிறதா?

பாடுகிறது என்றால், தான் பாடுவது அந்தப் பாத்திரத்துக்குத் தெரியும். மேடையில் கூட இருப்பவர்களுக்கும் அது பாட்டாகவே காதில் விழும். பேசுகிறது என்றால், அந்த மெட்டு உங்களுக்கும் பார்வையாளருக்கும் நடுவில் நடக்கிற சங்கதி. பாத்திரத்துக்கு அது தெரியவே தெரியாது. இரண்டுக்கும் ஒரே மாதிரி மெட்டுப் போட்டுவிட்டால் நாடகம் அங்கேயே நின்று கச்சேரி தொடங்கிவிடும். சில நாடகக் குழுக்களோடு உட்கார்ந்து இந்த வேலையைச் செய்திருக்கிறேன். சரியாக வராத இடங்கள் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்தான் வராமல் போயின.

பாட்டிலிருந்தே தொடங்குவோம். ஷேக்ஸ்பியரின் பாத்திரங்கள் பாடும்போது, அதற்கு நாடகத்துக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கும். 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் கோமாளி ஃபெஸ்டே பாடுவது கூலிக்கு. 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் ஏரியல் என்ற ஆவி கண்ணுக்குத் தெரியாமல் பாட, கரையொதுங்கிய இளவரசன் 'இந்த இசை காற்றில் இருக்கிறதா, மண்ணில் இருக்கிறதா' என்று தேடிக்கொண்டு நடக்கிறான். இந்தப் பாட்டுகளின் சொற்கள் எளியவை, வரிகள் குட்டையானவை, பல்லவி மாதிரி திரும்பி வருபவை. இசைக்கு இடம் விட்டே எழுதியிருக்கிறார். அவர் வாழ்ந்த காலத்து மெட்டுகளே சில நமக்குக் கிடைத்திருக்கின்றன. 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் வரும் காதலன், காதலி பாட்டுக்குத் தாமஸ் மோர்லி போட்ட மெட்டு 1600இல் அச்சானது. ஏரியலின் இரண்டு பாட்டுகளுக்கு லூட் என்ற நரம்பு வாத்தியம் வாசித்த அரசவைக் கலைஞர் ராபர்ட் ஜான்சன் போட்ட மெட்டுகளும் இருக்கின்றன. கேட்டுப் பாருங்கள், ஒரு நடிகர் மூச்சு வாங்காமல் பாடி முடிக்கிற அளவுக்கு எளிமையாக இருக்கும்.

மொழிபெயர்ப்பில் பாடுவதற்கும் நல்ல முன்மாதிரி உண்டு. ஷூபர்ட் 1826 ஜூலையில் ஷேக்ஸ்பியரின் மூன்று பாட்டுகளுக்கு ஜெர்மன் மொழியில் மெட்டுப் போட்டார். அவற்றில் 'சில்வியா யார்' என்று கேட்கும் பாட்டை இன்றைக்கு ஆங்கிலச் சொற்களோடு அதே மெட்டில் பாடுகிறார்கள். பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருப்பதில்லை. மொழிபெயர்த்தவர் பொருளோடு சந்தத்தையும் கொண்டுபோயிருப்பதால் இது முடிகிறது. உங்கள் குழுவில் மொழிபெயர்ப்பவரும் மெட்டுப் போடுபவரும் வேறு வேறு ஆட்கள் என்றால், இருவரையும் முதல் நாளிலிருந்தே பக்கத்தில் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

இனி, வெறும் பாட்டாக முடித்துவிட முடியாத பாட்டுகள். எனக்கு மிகவும் பிடித்த இடங்கள் இவைதான்.

'ஒத்தெல்லோ'வில், கணவனின் சந்தேகத்துக்கு ஆளான டெஸ்டிமோனா, சாவதற்குக் கொஞ்சம் முன்னால் வரும் காட்சியில் ஒரு வில்லோ மரப் பாட்டைப் பாடுகிறாள். அந்தப் பாட்டு நாடகத்துக்கும் முந்தையது, ஊரில் பலரும் பாடிக்கொண்டிருந்தது. அம்மா வீட்டுப் பணிப்பெண் பார்பரி, காதலன் கைவிட்டதும் இதைப் பாடிக்கொண்டே செத்துப்போனாள் என்று சொல்லிவிட்டுத்தான் பாட ஆரம்பிக்கிறாள். நடுவில் நிறுத்தி, பணிப்பெண் எமிலியாவிடம் 'இவற்றை எடுத்து வை' என்கிறாள். மறுபடி பாடுகிறாள். 'அவனை யாரும் குறை சொல்லாதீர்கள், அவன் வெறுப்பும் எனக்குச் சம்மதமே' என்று ஒரு அடி வருகிறது. உடனே 'இல்லை, இது அடுத்து வருவதில்லை' என்று தானே திருத்திக்கொள்கிறாள். பிறகு ஏதோ தட்டும் சத்தம். யார் என்று கேட்கிறாள். காற்றுதான் என்கிறாள் எமிலியா.

அந்தத் தவறிய அடியில்தான் அவள் மனம் முழுவதும் இருக்கிறது. பாட்டில் அந்த இடத்தில் வரக்கூடாத சொல், அவள் வாயில் வந்துவிட்டது. ஒரு கல்லூரிக் குழு இதைப் பாட்டாக்கியபோது, தாளம் உடைகிறது என்பதற்காக அந்த அடியையும் திருத்தத்தையும் எடுத்துவிட்டு நான்கு சரணமாக ஒழுங்குபடுத்திப் பாடினார்கள். மெட்டு இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே டெஸ்டிமோனா இல்லை. உங்கள் நடிகை இதைப் பாடும்போது தாளம் உடையட்டும். நிறுத்தங்களில் தபலாவோ கஞ்சிராவோ தொடர்ந்து போகவேண்டாம். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி தம் 'ஒடெல்லோ' ஆபராவில் (வசனத்தையும் பாடும் மேற்கத்திய இசை நாடகம், 1887), வெனிஸில் நடக்கும் ஷேக்ஸ்பியரின் முதல் அங்கம் முழுவதையும் தூக்கிவிட்டார். அவ்வளவு வெட்டியவர், இந்தப் பாட்டின் இடையிடையே வரும் பேச்சையும் காற்றையும் மட்டும் வைத்துக்கொண்டார்.

இன்னொன்று 'சிம்பலின்' நாடகத்தில் வரும் இரங்கற்பா. 'வெயிலுக்கு இனி அஞ்ச வேண்டாம்' என்று தொடங்கும். இமோஜன் இறந்துவிட்டாள் என்று நினைத்து (உண்மையில் மருந்து மயக்கம்தான், ஆண் வேடத்தில் இருப்பதால் பையன் என்றும் நினைக்கிறார்கள்) இரண்டு அண்ணன் தம்பிகள் அவள் உடலருகே நிற்கிறார்கள். நம் குரல் உடைந்துவிட்டது, ஆனாலும் அம்மாவுக்குப் பாடிய மாதிரியே பாடுவோம் என்கிறான் ஒருவன். 'என்னால் பாட முடியாது, அழுதுகொண்டே சொற்களை மட்டும் சொல்கிறேன், சுருதி சேராத துயரம் பொய்யைவிட மோசம்' என்கிறான் மற்றவன். சரி, சொல்லவே செய்வோம் என்று முடிவெடுத்து, ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்கிறார்கள். ஆக, பாட்டின் வடிவத்தில் இருக்கிற இந்தப் பகுதி நாடகத்தில் பாடப்படுவதே இல்லை.

ஆனாலும் இசையமைப்பாளர்களால் இதைத் தொடாமல் இருக்க முடியவில்லை. அவர்கள் போட்ட மெட்டுகளில் என் மனதுக்கு நெருக்கமானது ஜெரால்ட் ஃபின்சியுடையது. ஷேக்ஸ்பியர் பாட்டுகள் ஐந்தைக் கோத்து, ஆங்கில இசையமைப்பாளர் வாகன் வில்லியம்ஸின் எழுபதாம் பிறந்தநாளான 1942 அக்டோபர் 12 அன்று அவருக்குக் காணிக்கையாக்கினார். இந்த இரங்கற்பா அதில் மூன்றாவது. மெதுவாக அசைந்து போகும் மெட்டு. கடைசிச் சரணத்தில், பேய்பிசாசு எதுவும் உன்னைத் தீண்டாதிருக்கட்டும் என்று காப்புச் சொல்லும் அடிகள் வரும்போது அந்த அசைவு நின்றுவிடும். ஏறக்குறைய ஒரே சுரத்தில் மந்திரம் போல அவை ஒலிக்கும். பாட முடியாதவன் சொல்லத் தொடங்குகிற இடத்தை ஃபின்சி இசைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார் என்றுதான் நான் அதைக் கேட்கிறேன்.

பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் நிற்கிற வரிகளும் உண்டு. கதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தில் கிரெட்சென் என்ற பெண் தனியாக ராட்டையில் உட்கார்ந்து 'என் அமைதி போய்விட்டது, நெஞ்சு கனக்கிறது' என்று சொல்கிறாள். பாடுகிறாளா, முணுமுணுக்கிறாளா என்று கதே குறிக்கவில்லை. ஷூபர்ட் 1814 அக்டோபரில், தம் 17 வயதில், இதற்கு மெட்டுப் போட்டார். பியானோவின் வலக்கை முழுக்க ராட்டையின் சுழற்சி. காதலனின் முத்தத்தை நினைக்கும்போது ராட்டை நின்றுவிடுகிறது. பிறகு தடுக்கித் தடுக்கித்தான் மறுபடி ஓடத் தொடங்குகிறது. கிரெட்சென் பாடுகிறாளோ இல்லையோ, ராட்டை மேடையில் இருக்கிறது. இசை அந்த மரச் சக்கரத்திலிருந்து வருகிறது. உங்கள் காட்சியில் பாத்திரத்தின் கையில் ஏதாவது வேலை இருந்தால், உரலோ தறியோ துடுப்போ எதுவானாலும், தாளத்தை அதிலிருந்து எடுங்கள்.

இனி, முழுக்க முழுக்கப் பேச்சாக எழுதப்பட்ட வரிகள். இங்கே இரண்டு வழிகளை நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

முதல் வழி, பேச்சு தானாகவே இசையின் பக்கம் சாய்கிற இடத்தைத் தேர்ந்தெடுப்பது. வாகன் வில்லியம்ஸ் 1938இல் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தை எடுத்தார். நிலா வெளிச்சத்தில் லொரென்சோவும் ஜெசிகாவும் இசையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிற காட்சி. வாத்தியக்காரர்களை வெளியே வந்து வாசிக்கச் சொல்கிறான் லொரென்சோ. அதாவது நாடகத்திலேயே பேச்சுக்குப் பின்னால் வாத்தியம் ஒலித்துக்கொண்டிருக்கிறது. நடத்துநர் ஹென்றி வுட்டின் ஐம்பதாண்டுப் பணியைக் கொண்டாட, அவரோடு பாடிய 16 பாடகர்களுக்கென்றே அந்த இசையை எழுதினார். சேர்ந்து பாடும் இடங்களுக்கு நடுவே ஒவ்வொருவருக்கும் அவரவர் குரலுக்கேற்றபடி தனியாக ஓரிரு வரிகள். லொரென்சோவின் பேச்சு பதினாறு வாய்களில் பிரிந்துபோவதால், யார் பேசுகிறார்கள் என்பது மறந்து, அந்த இரவு பேசுவது போல ஆகிவிடுகிறது. அதே நிகழ்ச்சியின் முற்பகுதியில் பியானோ வாசித்த ரக்மனினாஃப், இதைக் கேட்டுக் கண்கலங்கினார் என்று சொல்வார்கள்.

வாகன் வில்லியம்ஸே 1951இல், 'டெம்பெஸ்ட்' நாடகத்தின் மந்திரவாதி பிராஸ்பெரோவின் புகழ்பெற்ற பேச்சில் ஏழெட்டு வரிகளை எடுத்து, வாத்தியமே இல்லாத சேர்ந்திசைக்கு எழுதினார். மேகம் தொடும் கோபுரங்களும் மாளிகைகளும் கோயில்களும் இந்த உலகமும் கரைந்துபோகும், நாம் கனவு நெய்யப்படும் நூல் போன்றவர்கள் என்று போகும் பேச்சு. 'நம் கேளிக்கை முடிந்தது' என்ற தொடக்கத்தை அவர் எடுக்கவில்லை. அந்த வரி ஒருவன் இன்னொருவனிடம் சொல்வது. கோபுரங்களில் தொடங்கினால் அது யாரிடமும் சொல்வதாக இல்லை, சேர்ந்திசைக்குப் பொருந்துகிறது. என்ன விட்டார், ஏன் விட்டிருப்பார் என்று பார்ப்பது பெரிய படிப்பு.

இரண்டாவது வழி, பேச்சின் ஏற்ற இறக்கத்தையே மெட்டாக்குவது. ரஷ்யர்கள் இதில் துணிச்சல்காரர்கள். டார்கோமிஷ்ஸ்கி, புஷ்கினின் 'கல் விருந்தாளி' நாடகத்தை ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் ஆபராவாக்கினார். முஸோர்க்ஸ்கி 1868இல் கோகலின் 'திருமணம்' என்ற உரைநடை நாடகத்தை அப்படியே எடுத்து, மனிதர்கள் பேசும்போது குரல் எங்கே ஏறி எங்கே விழுகிறதோ அதையே சுரமாக்க முயன்றார். முதல் அங்கத்தோடு நின்றுவிட்டது. ஆனால் அந்தப் பயிற்சி இல்லாமல் அவருடைய 'போரிஸ் கதுனோவ்' இல்லை. உரைநடைக்கு இன்னொரு உதாரணம், ஹாம்லெட்டின் 'மனிதன் எப்பேர்ப்பட்ட படைப்பு' என்ற பேச்சு. நாடகத்திலும் அது செய்யுளில்லை, உரைநடைதான். 1967இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'ஹேர்' இசை நாடகத்துக்காக கால்ட் மெக்டெர்மாட் அதைத் தாலாட்டு போன்ற மெட்டில் வைத்தார். வியட்நாம் போரின் சாவுகளுக்கு நடுவில், ஷேக்ஸ்பியரின் சொற்களையே மென்மையாக ஒலிக்கவிட்டதில் அந்தப் பேச்சின் கசப்பு வெளியே வந்தது.

எல்லாவற்றையும் பாடியாக வேண்டும் என்பதும் இல்லை. பெஞ்சமின் பிரிட்டன் 1960இல் 'கோடைநள்ளிரவுக் கனவு' நாடகத்தை, ஏறக்குறைய பாதியாக வெட்டி, ஷேக்ஸ்பியரின் சொற்களிலேயே ஆபராவாக்கினார். கதை புரிவதற்காகப் புதிதாகச் சேர்த்தது ஒரே ஒரு வரி. அதில் எல்லாரும் பாட, பக் என்ற குறும்புக்காரன் மட்டும் பேசுகிறான், டிரம்பெட்டும் முரசும் கூட வர. நடிக்க மட்டும் தெரிந்த, பாட வராத ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால் இதை யோசியுங்கள்.

அப்புறம், தமிழ். ஆங்கில வரியின் உயிர் அழுத்தத்தில் இருக்கிறது. எந்த அசையில் குரல் ஊன்றுகிறது என்பதுதான் கணக்கு. அசையை நீட்டினாலும் சொல் மாறாது. நமக்கு அப்படி இல்லை. குறிலை நீட்டினால் வேறு சொல் ஆகிவிடும். 'மலை' மாலையாகும், 'படம்' பாடமாகும். 'என்னை விடு' என்று கதறும் இடத்தில் விகரத்தை இழுத்தால் 'என்னை வீடு' என்று கேட்கும். உருக்கமான காட்சி அங்கேயே கெட்டுவிடும். நீட்ட வேண்டிய சுரம் எங்கே வருகிறதோ அங்கே நெடிலை வையுங்கள். நெடில் கிடைக்காவிட்டால் ண், ம், ன், ல் போன்ற மெய்யில் நிற்கலாம். 'கண்' என்ற சொல்லை ணகரத்தில் எவ்வளவு நேரமும் நிறுத்தலாம், பொருள் மாறாது.

வரியின் முடிவு இன்னும் முக்கியம். நம் வாக்கியம் வினையில் முடியும். பிராஸ்பெரோவின் கடைசி வரியை 'நம் சிறு வாழ்வை உறக்கம் சூழ்ந்திருக்கிறது' என்று பெயர்த்தால் கடைசிச் சுரம் 'கிறது'வில் விழும். பாடகர் அதை என்ன செய்ய முடியும்? 'நம் சின்ன வாழ்வைச் சுற்றிலும் உறக்கம்' என்று மாற்றினால் மகரத்தில் வாய் மூடிக்கொள்ளும், நாதம் மட்டும் மிஞ்சும். விளி வேற்றுமையும் நமக்குக் கிடைத்த வரம். 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் குளிர்காலக் காற்றை வீசச் சொல்லும் பாட்டை ஆர்ன் முதல் குவில்டர் வரை எத்தனையோ பேர் மெட்டமைத்திருக்கிறார்கள். தமிழில் 'வீசு, வீசு, பனிக்காற்றே' என்றால் தொடக்கத்தில் ஈ, முடிவில் ஏ, இரண்டும் பாடகருக்குச் சாதகம். 'காற்று' என்று முடித்தால் அந்தக் குற்றியலுகரத்தில் அரை நொடிகூட நிற்க முடியாது.

பேச்சு வரிகளுக்கு நம்மிடம் தயாராக ஒரு கருவி இருக்கிறது, விருத்தம். தாளக்கட்டு இல்லை, ராகம் உண்டு, சொல் எங்கே நிற்கச் சொல்கிறதோ அங்கே நிற்கலாம், வேகமாகப் போகச் சொன்னால் போகலாம். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் வசனம் விருத்தமாகி, விருத்தம் பாட்டாகி, மறுபடி வசனத்தில் வந்து விழுவதைக் கேட்டவர்களுக்கு, மேற்கத்திய ஆபராக்காரர்கள் 'ரெசிட்டேட்டிவ்' (பேச்சுப் போலப் பாடுவது) என்று எதைத் தேடினார்கள் என்பது விளக்கமில்லாமலே புரியும். பிராஸ்பெரோவை விருத்தமாக வையுங்கள். நாலைந்து சுரங்களுக்குள், பேசும் குரலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். மேல் ஸ்தாயிக்குப் போனால் சொல் கேட்காது, ராகம் மட்டும்தான் கேட்கும்.

நாடக வரி நாடகத்தை விட்டு வெளியே வந்து வாழ்வதையும் நாம் நன்றாக அறிவோம். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைக் கச்சேரியில் கேட்கிறோம். பல கீர்த்தனைகள் அவர் வைத்த ராகத்தை விட்டு வேறு ராகத்தில் வழங்குகின்றன. கதையில் யார், எந்தத் தருணத்தில் சொன்னது என்பது கேட்பவர்கள் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. தமிழ்த்தாய் வாழ்த்தும் அப்படி வந்ததுதான். 1891இல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகத்தின் பாயிரம் அது. உள்ளே நாடகம் பெரும்பாலும் ஆசிரியப்பாவில் பேசிக்கொண்டு போக, வாசலில் இந்த வாழ்த்து மட்டும் தாழிசை ஓசையில் நிற்கிறது. நீ, ரா என்று இரண்டு நெடிலோடு தொடங்கும் அந்த அடிகளை எம்.எஸ். விஸ்வநாதன் மோகனத்தில், திஸ்ர நடையில் அமைத்தார்; 1970 முதல் அரசு விழாக்களில் பாடப்படுகிறது. இன்று 55 நொடிகளில் பாடி முடிக்க வேண்டும் என்பது அரசாணை. கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு தமிழிலிருந்து பிறந்ததைச் சொல்லும் அடிகளும், ஆரியம் வழக்கொழிந்தது என்ற அடியும் மெட்டுக்குள் வரவில்லை. மூலத்தை முழுதாகப் படித்தவருக்கும் பாட்டை மட்டும் கேட்டவருக்கும் இரண்டு வேறு கவிதைகள் கிடைக்கின்றன. நீங்களும் வெட்டத்தான் போகிறீர்கள். வெட்டியதை ஒரு தாளில் தனியாக எழுதி, நடிகர்கள் எல்லாரும் படிக்கட்டும். பாடாத வரியும் நடிக்கும்போது முகத்தில் இருக்கும்.

வேலையை இப்படித் தொடங்கலாம். நடிகரை அந்த வரிகளைப் பாடாமல், சாதாரணமாக, ஒரு பத்து முறை பேசச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். எந்தச் சொல்லில் குரல் ஒவ்வொரு முறையும் ஏறுகிறது, எங்கே மூச்சு விடுகிறார் என்று குறியுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல்தான் ராகம் வர வேண்டும். முதல் பகுதியாக அந்தச் 'சிம்பலின்' இரங்கற்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சும் பாட்டும் அதில் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒருவன் தம்புரா சுருதியோடு பாடட்டும். பாட முடியாது என்று சொன்னவன் பேசியே போகட்டும். கடைசிச் சரணத்தில் தம்புராவையும் நிறுத்திவிட்டு, இருவரும் சேர்ந்து ஒரே சுரத்தில் சொல்லிப் பார்க்கட்டும். ஒத்திகையில் அதை இரண்டு முறை கேட்டால் போதும், மற்ற பகுதிகளில் எதைப் பாடலாம், எதைப் பேசலாம் என்று உங்கள் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.